அடித்த கடிதம் எங்கே போனது?

பதுளை நகரின் கொமியூனிகேஷன் கடைகளிலும் தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைகளிலும் 'சேவ்' ஆகாமல் தொலைந்துபோகும் பக்கங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம். அதற்கான வழிகளைச் சொல்கிறது இந்த வார அட்டைப்படக் கட்டுரை.

பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் காலையிலேயே கொமியூனிகேஷன் கடைகள் சுறுசுறுப்பாகிவிடும். போட்டோ கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு தம்பியோ தங்கச்சியோ. மேசைக்கு இந்தப் பக்கம் பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் வந்திறங்கிய தோட்டத்து மக்கள். கையிலுள்ள பொலித்தீன் உறைக்குள் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் மடித்து மடித்து ஓரம் கிழிந்த பழைய கடிதங்களும் இருக்கும். ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் எழுதப்பட்ட பெயருக்குச் சத்தியக் கடதாசி வேண்டும். ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்குக் கடிதம் வேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பம் வேண்டும்.

முக்கால்வாசி அடித்து முடித்த நேரத்தில் கரண்ட் போகும். அல்லது திரையில் ஓர் ஆங்கிலச் செய்தி வந்து நிற்கும். "அக்கா, சேவ் ஆகுதில்ல. நாளைக்கு வாங்களேன்" என்பார் அந்தத் தம்பி. நாளைக்கு வருவதென்றால் தோட்டத்தில் இன்னொரு நாள் பேர் போகும். பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஒரு கோப்பு சேமிக்கப்படாமல் போனதன் விலை இங்கே ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு.

மலையக மக்களின் வரலாற்றில் காகிதத்துக்குள்ள இடத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்த மண்ணில் பிறந்தவர் என்றோ பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே இல்லாத இலட்சக்கணக்கானோர் எதைக் காட்டுவார்கள்? நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவர்களாகவே எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் வழி திறந்தது. எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு சமூகம் நாம். இன்று நம் எழுத்து கணினிக்குள் போய்விட்டது. அதை இழக்காமல் வைத்திருக்கும் முறையைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சேவ் அழுத்தியதும் உள்ளே நடப்பது

பழைய கோப்பின் மேலேயே வேர்ட் புதிய வரிகளை எழுதிவிடுகிறது என்றே பலர் எண்ணுகிறோம். அப்படி நடப்பதில்லை. அதே கோப்புறையில் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, திருத்திய ஆவணம் முழுவதையும் அதில் எழுதுகிறது. எழுதி முடிந்ததும் பழைய கோப்பை நீக்கி, தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. கண்மூடித் திறக்கும் நேரத்தில் இத்தனையும் நடந்து முடிகின்றன.

சேமிப்புக் கோளாறுகளில் பலவற்றுக்கு விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது. தற்காலிகக் கோப்புக்கும் இடம் வேண்டும் என்பதால், நிரம்பும் தறுவாயிலுள்ள பென் ட்ரைவில் ஒரு சிறு திருத்தத்தைக்கூடச் சேமிக்க முடியாமல் போகலாம். அந்தக் கோப்புறையில் புதிய கோப்பு உருவாக்கவும் பழையதை நீக்கவும் பெயர் மாற்றவும் அனுமதி வேண்டும். ஒன்று குறைந்தாலும் 'அனுமதிப் பிழை' என்ற செய்தி வரும். பெயர் மாற்றும் கணத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளோ வேறொரு நிரலோ அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் அதே செய்திதான். இடையில் யாராவது பென் ட்ரைவைப் பிடுங்கினால் பழைய கோப்பும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் பெயர் விளங்காத ஒரு தற்காலிகக் கோப்பு மட்டும் மிஞ்சக்கூடும். அதை வேண்டாத குப்பை என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் கடிதம் அதற்குள்ளே இருக்கலாம். வேர்ட்டின் 'ஓப்பன்' பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று தெரிவுசெய்து அதைத் திறந்து பாருங்கள்.

2007ஆம் ஆண்டு ஒஃபிஸ் பதிப்புடன் வந்த டொக்-எக்ஸ் கோப்பு வகையின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. அது தனியொரு கோப்பு மாதிரித் தெரிந்தாலும், உள்ளே எழுத்து ஒரு கோப்பாகவும் படங்கள் வேறு கோப்புகளாகவும் அடுக்கப்பட்ட ஒரு ஸிப் பொதி. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் அந்தப் பொதியின் கடைசியில் எழுதப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பட்டியல் விழாமல் போய்விடும். கொழுந்து நிறுத்தாகிவிட்டது, செக்ரோல் வரவேட்டில் பேர் விழவில்லை என்றால் எப்படியோ அப்படித்தான் இதுவும். சரக்கு உள்ளேதான் இருக்கிறது, கணக்கில் இல்லாததால் 'கோப்பு பழுதடைந்துள்ளது' என்கிறது வேர்ட். 'ஓப்பன்' பொத்தானுக்கு அருகிலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் 'ஓப்பன் அன்ட் ரிப்பேர்' என்ற தெரிவு இருக்கும். அது பல வேளைகளில் அந்தப் பொதியை மீட்டுத் தரும். அதுவும் கைகொடுக்காவிட்டால், 'ரிகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்' என்ற தெரிவின் மூலம் வெறும் எழுத்தை மட்டுமாவது எடுக்கப் பார்க்கலாம்.

கரண்ட் போகும் ஊரில்

ஊவாவில் சித்திரை மாதத்தையும் ஐப்பசியையும் ஒட்டிய பருவமழை மாற்றக் காலங்களில் பிற்பகல் இடியும் மின்னலும் வழக்கம். அத்துடன் நாடு தழுவிய மின்தடைகளையும் நாம் கண்டிருக்கிறோம். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அந்தக் கணத்தில் மின்கலக் காப்பு இல்லாத கணினிகளில் அடித்துக்கொண்டிருந்தவர்களின் திரைகள் ஒரே நேரத்தில் இருண்டிருக்கும்.

திரை இருண்டாலும் எல்லாம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வேர்ட் வழமையாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை 'ஓட்டோ ரிகவர்' பிரதி ஒன்றைத் தானாகவே எடுத்து வைக்கிறது. மின்சாரம் வந்த பின் வேர்ட்டைத் திறந்தால் இடப்பக்கத்தில் மீட்ட ஆவணங்களின் பட்டியல் வரும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் அந்தப் பட்டியலை மூடிவிட்டுப் பழைய கோப்பைத் திறந்து, 'போனது போனதுதான்' என்று மறுபடி அடிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் பட்டியலில் உள்ளதைத் திறந்து வேறு பெயரில் சேமியுங்கள். எது புதியது, எது பழையது என்பதைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஒரு தடவைகூடச் சேமிக்காத புதிய ஆவணத்துக்கும் வழி உண்டு. 'ஃபைல்' பட்டியலில் 'இன்ஃபோ', அதில் 'மேனேஜ் டொகியுமன்ட்', அதற்குள் 'ரிகவர் அன்சேவ்ட் டொகியுமன்ட்ஸ்'. 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. தவறுதலாக 'டோன்ட் சேவ்' அழுத்தியவர்களுக்கும் இதுவே கதி. ஆனால் அந்தப் பிரதிகள் பொதுவாக 4 நாட்கள்தான் இருக்கும். 'அடுத்த கிழமை அண்ணன் வந்து பார்ப்பார்' என்று விட்டுவைத்தால் மீட்க எதுவும் மிஞ்சாது.

இன்றே செய்யக்கூடிய மாற்றம் ஒன்றும் இருக்கிறது. 'ஒப்ஷன்ஸ்' பகுதியில் 'சேவ்' என்பதற்குள் சென்று அந்த 10 நிமிடத்தை 2 நிமிடமாகக் குறையுங்கள். அங்கேயே, சேமிக்காமல் மூடினாலும் கடைசிப் பிரதியை வைத்திருக்கச் சொல்லும் தெரிவையும் குறியிட்டு வையுங்கள். 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'ஓல்வேய்ஸ் கிரியேட் பெக்கப் கொப்பி' என்ற தெரிவு இருக்கிறது. அதைக் குறியிட்டால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய பிரதி தனிக் கோப்பாகப் பக்கத்திலேயே நிற்கும். மேசைக் கணினி வைத்திருக்கும் கடைகளும் பாடசாலைகளும் ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுவது நல்லது. வேலையை முடித்துச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது தரும் சில நிமிடங்கள் போதும்.

பென் ட்ரைவ் என்னும் பலவீனம்

தோட்டப் பகுதிகளில் ஆவணங்கள் பயணம் செய்யும் வாகனம் பென் ட்ரைவ். ஆசிரியை வீட்டு மடிக்கணினியில் தவணைப் பரீட்சைத் தாளை அடித்து, பென்னில் போட்டுப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, அங்கே திருத்தி, கடையில் கொடுத்து அச்செடுக்கிறார். மூன்று கணினிகளில் அதே பென் ஏறி இறங்குகிறது. கோளாறுகளும் அதன் வழியாகவே வருகின்றன.

முதலாவது, அவசரமாகப் பிடுங்குவது. பென் ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபெட்32 அல்லது எக்ஸ்-ஃபெட் முறையில் அமைந்தவை. கணினியின் உள்வட்டிலுள்ள என்டிஎஃப்எஸ் முறையில் மாற்றங்களைக் குறித்துவைத்து இடையில் தடைப்பட்டால் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. இவற்றில் அது இல்லை. 2018ஆம் ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் 'இஜெக்ட்' கொடுக்காமலே எடுக்கும் வசதி இயல்பாக இருப்பது உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. வேர்ட்டை முழுவதும் மூடி, பென்னின் விளக்கு சிமிட்டுவது நின்ற பின் 'இஜெக்ட்' கொடுத்து எடுப்பதே முறை.

இரண்டாவது, பென்னுக்குள்ளிருந்தே கோப்பைத் திறந்து வேலை செய்வது. தற்காலிகக் கோப்புகளும் பென்னிலேயே உருவாவதால் ஒரு சிறு அசைவில் தொடர்பு விட்டாலும் சேமிப்பு குழம்பும். கோப்பை முதலில் கணினியின் டெஸ்க்டொப்புக்குக் கொப்பி செய்து, அங்கே திருத்திச் சேமித்து, முடிந்த பின் மறுபடி பென்னுக்குக் கொப்பி செய்யுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகளைத் தீர்க்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மூன்றாவது, போலிப் பென்கள். உண்மையான கொள்ளளவு சிறிதாக இருக்க, கணினிக்குப் பெரிய எண்ணைக் காட்டும்படி தயாரிக்கப்பட்டவை சந்தையில் உலவுகின்றன. உண்மையான அளவு தீரும்வரை அவை ஒழுங்காக வேலை செய்யும். அதற்குப் பிறகு எழுதியது எழுதியதுபோலத் தெரியும், திறந்தால் உள்ளே எதுவும் இருக்காது. நம்ப முடியாத மலிவு விலையில் பெரிய கொள்ளளவு சொன்னால் வாங்க வேண்டாம். 'எச்2 டெஸ்ட்' என்ற இலவச நிரலால் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கலாம்.

நான்காவது, குறுக்குவழி வைரஸ். பென்னைச் செருகியதும் கோப்புகள் எல்லாம் மறைந்து குறுக்குவழி அடையாளங்கள் மட்டும் தெரிந்தால், கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்று அறியுங்கள். அந்த அடையாளங்களைச் சொடுக்காதீர்கள். சொடுக்கினால் அந்தக் கணினிக்கும் தொற்றும். 'வியூ' பட்டியலில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' தெரிவைக் குறியிட்டுப் பாருங்கள். வைரஸ் அவற்றை முறைமைக் கோப்புகளாகவும் மாற்றியிருந்தால், 'ஃபோல்டர் ஒப்ஷன்ஸ்' பகுதியில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் குறியையும் எடுக்க வேண்டும். உங்கள் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்த பின், வைரஸ் சோதனை செய்து பென்னை 'ஃபோர்மட்' செய்யுங்கள்.

'ரைட் ப்ரொடெக்டட்' என்ற செய்தி திடீரென்று ஒரு பழைய பென்னில் வந்தால், அதன் ஆயுள் முடிகிறது என்று பொருள்கொள்ளலாம். சில பென்கள் பழுதாகும்போது தம்மைத் தாமே வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்கின்றன. உள்ளே இருப்பதை உடனே கொப்பி செய்துவிட்டு அந்தப் பென்னை ஓய்வுபெற வையுங்கள்.

பெயரில் இருக்கும் தடை

அரச கடிதம் என்றால் மேலே 'எனது இலக்கம்' என்று சாய்கோடுகளால் பிரித்த ஓர் எண் இருக்கும். திகதியையும் சாய்கோடு போட்டே எழுதிப் பழகியிருக்கிறோம். அதே இலக்கத்தையோ திகதியையோ கோப்புக்குப் பெயராக வைத்தால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு, பின்சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது, பெரியது ஆகியவற்றுக்கான குறிகள், நிலைக்கோடு ஆகிய ஒன்பதும் கோப்புப் பெயரில் வரக்கூடாதவை. சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறு கோடு போடுங்கள். ஆண்டை முதலில், மாதத்தை அடுத்து, நாளைக் கடைசியில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

நீளமும் ஒரு தடை. விண்டோஸில் ட்ரைவின் எழுத்தில் தொடங்கி, கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து, கோப்பின் பெயர் வரை மொத்தம் 260 குறியீடுகள் என்பது நீண்டகால வரம்பு. ஆண்டு, தரம், தவணை, பாடம் என்று கோப்புறைக்குள் கோப்புறையாகப் பாடசாலைகளில் வைத்துக்கொண்டு போகிறோம். ஒவ்வொன்றுக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் இருந்தால் வரம்பு சீக்கிரம் எட்டிவிடும். 'பாடசாலை' என்பது நம் கண்ணுக்கு நாலு எழுத்து. யுனிகோட் கணக்கில் அது 7 குறியீடுகள். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும் என்பதால் 85 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. கடிதத்தின் முதல் வரியையே வேர்ட் பெயராக முன்மொழியும்போது அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், மூன்று நாலு சொல்லில் ஒரு பெயரை நீங்களே வையுங்கள்.

பூட்டும் அனுமதியும்

வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். 'ப்ரொடெக்டட் வியூ' என்ற அந்த நிலையில் திருத்தவோ சேமிக்கவோ முடியாது. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தலாம். ஆனால் மின்னஞ்சலிலிருந்து நேரடியாகத் திறந்த இணைப்பில் வேலை செய்யவே வேண்டாம். அது தற்காலிகக் கோப்புறையில் கிடக்கிறது. அங்கே சேமித்ததை மறுநாள் தேடினால் அகப்படாது. முதலில் தரவிறக்கி ஓரிடத்தில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

'இன்னொருவர் இந்தக் கோப்பைப் பயன்படுத்துகிறார்' என்ற செய்தி, தனியாக இருக்கும் கணினியிலும் சில வேளை வரும். வேர்ட் ஒரு கோப்பைத் திறக்கும்போது அலைக்குறியும் டொலர் குறியும் முன்னால் நிற்கும் பெயரில் ஒரு மறைவான சிறு கோப்பை உருவாக்கி, யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கிறது. மின்சாரம் போனால் அந்தக் குறிப்பு அழியாமல் நின்றுவிடும். கணினியை மறுபடி தொடக்கி, வேர்ட் மூடியிருக்கும்போது அந்தச் சிறு கோப்பை மட்டும் நீக்கினால் பூட்டுத் திறக்கும்.

டொகியுமன்ட்ஸ் கோப்புறையில் மட்டும் சேமிக்க முடியவில்லை, வேறிடத்தில் முடிகிறது என்றால், விண்டோஸ் பாதுகாப்பிலுள்ள 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். தெரியாத நிரல்கள் முக்கிய கோப்புறைகளில் எழுதுவதை அது தடுக்கிறது. சில கணினி ஆய்வுகூடங்களில் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் போட்டிருப்பார்கள். வைரஸுக்கு அது நல்ல தடை. ஆனால் டெஸ்க்டொப்பில் சேமித்த மாணவரின் செயற்திட்டம் மறுநாள் காலையில் இருக்காது. அப்படிப்பட்ட அறையில் எங்கே சேமிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுவது ஆசிரியரின் கடமை.

காலாவதியான ஒஃபிஸ் இன்னொரு காரணம். புதிய மடிக்கணினியுடன் வரும் சோதனைக் காலம் முடிந்ததும் வேர்ட் கோப்பைத் திறந்து காட்டும், திருத்த விடாது. உடனே யாரோ ஒருவர் பூட்டுடைத்த பிரதி ஒன்றைப் போட்டுத் தருகிறார். அதனுடன் தீய நிரல்களும் வந்து சேரலாம். ஒஃபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் விண்டோஸ் 10க்கும் மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பணம் கட்ட முடியாத பாடசாலைக்கும் சங்கத்துக்கும் லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. 2011 ஜனவரியில் முதற் பதிப்பு வெளிவந்த இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம், சட்டப்படியானது, வேர்ட் கோப்புகளையும் திறந்து சேமிக்கும். வேர்ட் திறக்க மறுக்கும் பழுதடைந்த கோப்புகளைச் சில வேளை இது திறந்து தருவதும் உண்டு.

பாமினியில் அடித்தவர்கள் கவனத்துக்கு

கோப்பு சேமிக்கப்பட்டிருக்கும், திறக்கவும் செய்யும், ஆனால் வாசிக்க முடியாது. இலங்கைத் தமிழருக்கே பழக்கமான துன்பம் இது. பாமினி எழுத்துருவில் அடிக்கும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும். எழுத்துரு மட்டுமே அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். இதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டாம். முழுவதையும் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

வேர்ட்டின் தானியங்கித் திருத்தத்தையும் கவனியுங்கள். வசனத் தொடக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கினால், பாமினியில் 'ம' என்று அடித்தது 'மு' ஆகிவிடும், 'க' என்பது 'கு' ஆகிவிடும். வினாத்தாள் அடிக்கும் முன் அந்த வசதியை நிறுத்துங்கள். பாமினிக் கோப்பை வெளியே அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக ஒரு பிரதியும், 'எம்பெட் ஃபொன்ட்ஸ்' தெரிவுடன் ஒரு வேர்ட் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள்.

நிரந்தரத் தீர்வு யுனிகோட் தமிழ். தமிழுக்கு 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே யுனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரம் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் 2008இல் வந்தது. பழைய கோப்புகளை மாற்றச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்ற இலவசக் கருவிகள் நீண்டகாலமாகக் கிடைக்கின்றன. யுனிகோடில் அடித்ததை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது மட்டும் குறியீட்டு முறையாக யுடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய ஆங்கில முறையைத் தெரிவுசெய்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும், பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பெட்டிச் செய்தி: திரையில் பிழை வந்தால் முதல் பத்து நிமிடம்

1. வேர்ட்டை மூடாதீர்கள். திரையில் தெரியும்வரை உங்கள் எழுத்து நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. பிழைச் செய்தியைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எஃப்12 விசையை அழுத்தி, டெஸ்க்டொப்பில், ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட சிறிய புதுப் பெயரில் சேமியுங்கள். இடம், அனுமதி, பெயர் தொடர்பான கோளாறுகளில் பெரும்பாலானவை இதிலேயே தீரும்.

3. முடியாவிட்டால் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, கடைசிப் பந்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் கொப்பி செய்து ஒட்டுங்கள். ஆவணத்தின் அமைப்பு விபரங்கள் அந்தக் கடைசிக் குறியோடு ஒட்டியிருக்கின்றன. பழுதும் அதோடு சேர்ந்து வரக்கூடும்.

4. அதுவும் முடியாவிட்டால் நோட்பேட்டிலோ உங்களுக்கே அனுப்பும் மின்னஞ்சலிலோ ஒட்டுங்கள். அலங்காரம் போகும், சொற்கள் தப்பும்.

5. எதுவுமே இயங்காவிட்டால் ஒவ்வொரு பக்கமாகத் திரையைப் படம் எடுங்கள். மறுபடி அடிக்க மூலமாவது இருக்கும்.

6. எழுத்து பத்திரமான பிறகே காரணத்தைத் தேடுங்கள். கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி வேர்ட்டைத் திறந்தால் பாதுகாப்பு நிலையில் திறக்கும். அங்கே ஒழுங்காகச் சேமித்தால், மேலதிகமாகப் போட்ட ஏதோ ஒரு துணை நிரல்தான் குற்றவாளி.

7. கணினி மிக மெதுவாகி, வட்டிலிருந்து சத்தமும் வந்தால் வட்டே பழுதாகிறது. திருத்தும் முயற்சியில் இறங்கும் முன் முக்கிய கோப்புகளை வெளியே எடுங்கள்.

மலைச்சரிவில் வாழ்வோருக்கு ஒரு பிரதி போதாது

தகவல் காப்பில் உலகெங்கும் சொல்லப்படும் விதி எளிமையானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். ஊவாவில் வாழும் நமக்கு இந்த மூன்றாவது பகுதியே மிக முக்கியம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. உயிர்களோடு, வீட்டிலிருந்த அடையாள அட்டைகளும் சான்றிதழ்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் சிதைந்தது. லயன் அறையிலுள்ள மடிக்கணினியும் அதே அறையிலுள்ள பென் ட்ரைவும் இரண்டு பிரதிகள் ஆகா. மலை சரிந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

அந்த மூன்றாவது பிரதிக்கு இணையம் உதவும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபியும் மைக்ரோசொப்டின் வன்ட்ரைவ் சேவையில் 5 ஜிபியும் இலவசம். கூகுளின் 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் சேர்ந்தே கணக்கிடப்படுவதால், தொலைபேசிப் படங்கள் நிரம்பினால் ஆவணங்களும் ஏறாது என்பதைக் கவனியுங்கள். சிக்னல் குறைந்த தோட்டங்களில் கோப்பு ஏறி முடிந்ததா என்று பார்த்த பின்னரே கணினியை அணைக்க வேண்டும். ஊருக்கு இறங்கும்போது ஏற்றிவிடுவது இன்னும் பாதுகாப்பானது. தரவுக்குப் பணமில்லையென்றால், நகரத்திலோ வேறு தோட்டத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு பென் ட்ரைவைக் கொடுத்துவைப்பதும் நல்ல காப்புதான்.

கொமியூனிகேஷன் கடைக்காரத் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் அடித்து முடித்ததும் அச்சுத் தாளோடு பிடிஎஃப் பிரதியையும் வந்தவரின் தொலைபேசிக்கே அனுப்பிவிடுங்கள். பிறகு உங்கள் கணினியில் அவருடைய தனிப்பட்ட விபரங்களை வைத்திருக்க வேண்டிய தேவையும் இராது. பாடசாலை அதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பத்தாம் பதினோராம் தரங்களில் கணினிப் பாடம் நடக்கிறது. அதில் சேமிப்புக் கோளாறுகளுக்கென்று ஒரு செய்முறைப் பாடவேளையை ஒதுக்குங்கள். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, கோப்பை மாணவர்களே மீட்டெடுக்கட்டும். ஒரு முறை தன் கையால் மீட்ட பிள்ளை அதை வாழ்நாளில் மறக்காது. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் இதற்கு ஒரு பக்கத் தமிழ்க் கையேடு வெளியிட்டால், பதுளை முதல் மொனராகலை வரையுள்ள தமிழ்ப் பாடசாலைகள் அனைத்துக்கும் அது பயன்படும்.

வாசகர்களே, இந்த இதழை மூடி வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாருடைய பிறப்புச் சான்றிதழ், யாருடைய சேமலாப நிதிக் கடிதம், எந்தப் பிள்ளையின் செயற்திட்டம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கே அதற்கு இரண்டாவது பிரதி எடுங்கள். மூன்றாவதை இந்தக் கிழமைக்குள் வேறோர் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.